மல்லாட்டைத் தோலில் பிறந்த மாத்திரை

போன தை மாதம் நைனார்பாளையத்தில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா மல்லாட்டை வறுத்து முறத்தில் கொட்டியிருந்தார். சூடு ஆறியதும் கை கையாக அள்ளி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, வாயால் ஊதினார். சிவப்புத் தோல் பறந்து திண்ணையெல்லாம் படிந்தது. அதில் கொஞ்சம் பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளை டப்பாவின் மேலும் போய் ஒட்டியது.

டப்பாவில் கருந்திராட்சைக் குலைப் படம். உள்ளே திராட்சை விதையிலிருந்து எடுத்த பொடியை அடைத்த 60 மாத்திரைகள். "ரத்தக் குழாய் அடப்பு, பிரஷரு, மூட்டு வலி எல்லாத்துக்கும் கேக்குமாம்டா தம்பி. ஏதோ ஆன்டி ஆக்சிடென்டாம்" என்றார். தெரிந்தவர் ஒருவர் மூலமாக வந்தது. நூறு நாள் வேலைக்கு நாலு நாள் போனால் வரும் கூலியை அதற்குக் கொடுத்திருக்கிறார். அதைச் சாப்பிட ஆரம்பித்ததும், அரசாங்கம் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒரு பாரம் இறங்கியதுபோல அதைச் சொன்னார்.

"இது எதுலேர்ந்து வந்துச்சு தெரியுமா பெரியம்மா?"

"திராட்சக் கொட்டையிலேர்ந்து. அதான் படம் போட்டிருக்கே."

"மொதமொதல்ல எடுத்தது இதுலேர்ந்துதான்" என்று திண்ணையில் கிடந்த மல்லாட்டைத் தோலைக் காட்டினேன்.

அவர் நம்பவில்லை. நம்ப வைக்க அந்தச் சாயங்காலம் முழுக்கப் பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மல்லாட்டை என்பது எங்கள் பக்கத்துச் சொல். மற்ற ஊர்களில் வேர்க்கடலை, நிலக்கடலை, கடலைக்காய். மணிலாக்கொட்டை என்பதுதான் வாயில் புழங்கிப் புழங்கி மல்லாக்கொட்டையாகி, கடைசியில் மல்லாட்டையானது. பயிரின் பூர்வீகம் தென் அமெரிக்கா. பிலிப்பைன்ஸ் நாட்டுத் துறைமுகத்தின் பெயரைச் சுமந்துகொண்டு வந்து, பழைய தென்னாற்காடு ஜில்லாவின் மானாவாரிச் செம்மண்ணில் வேர் பிடித்தது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சென்னை மாகாணத்தில் மல்லாட்டைக்குப் பேர்போன ஜில்லா இதுதான். இங்கே விளைந்தது புதுச்சேரித் துறைக்குப் போய், கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளில் ஆட்டப்பட்டது. நோய் தாக்கி விளைச்சல் படுத்த வருஷங்களும் உண்டு. வெளிநாட்டு விதை கொண்டுவந்து மறுபடி எழுப்பினார்கள். பின்னால் திண்டிவனத்திலிருந்து டி.எம்.வி. ரகங்களும் விருத்தாசலத்திலிருந்து வி.ஆர்.ஐ. ரகங்களும் வந்தன. பெரியம்மா கழனியில் இன்றைக்கும் போடுவது இவற்றில் ஒன்றைத்தான்.

இந்தப் பழைய கணக்கைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மல்லாட்டையை அவ்வளவு மூட்டை இறக்குமதி செய்த நாட்டில்தான் அதன் தோலைப் பற்றி ஒருவர் யோசிக்க வேண்டிய நிலை வந்தது. அது நடந்த ஊர் போர்தோ. உலகம் அந்த ஊரை ஒயினால் அறியும். ஆனால் செனகலிலிருந்து வந்த மல்லாட்டையில் பெரும் பணம் பார்த்த வணிகர்களும் போர்தோவில் இருந்தார்கள். திராட்சையும் மல்லாட்டையும் ஒரே துறைமுகத்தில் ஏறி இறங்கிய ஊர் அது.

1947. இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டு வருஷம் ஆகியும் பிரான்சில் உணவுப் பங்கீடு நீடித்தது. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மல்லாட்டைப் புண்ணாக்கில் புரதம் நிறைய. அதைத் தீவனமாகவும் உணவாகவும் முழுதாகப் பயன்படுத்த முடியுமா என்று பார்த்தார்கள். குறுக்கே நின்றது அந்தச் சிவப்புத் தோல். கசக்கிறது, துவர்க்கிறது, பறவைகள்கூடத் தள்ளிவிடுகின்றன. அதில் விஷம் ஏதாவது இருக்குமோ? போர்தோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஃபிரான்சிஸ் தயோ இந்தக் கேள்வியை 25 வயது மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்தார். மாணவர் பெயர் ஜாக் மாஸ்கெலியே.

மாஸ்கெலியே தோலிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். அதற்கு நிறமே இல்லை. அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் மட்டும் செக்கச் செவேலென்று மாறியது. நிறமில்லாமல் ஒளிந்திருந்து அமிலத்தில் சிவக்கும் இப்படி ஒரு பொருளை 1920-இலேயே ஓட்டோ ரோசன்ஹைம் என்பவர் திராட்சைக் கொடியின் இளந்தளிரில் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். அதை உடம்புக்குள் செலுத்திப் பார்த்தவர் மாஸ்கெலியே. கினிப் பன்றிகளுக்குக் கொடுத்தார். விஷமில்லை என்று தெரிந்தது. எதிர்பாராத இன்னொன்றும் தெரிந்தது: அவற்றின் மயிரிழை போன்ற நுண் ரத்தக் குழாய்கள் முன்னைப்போல எளிதில் உடையவில்லை. 1948-இல் முனைவர் பட்ட ஆய்வாக இதை எழுதிக் கொடுத்தார்.

வேதியியல் பெயர் நீளமானது, புரோ ஆந்தோசயனிடின். சின்னச் சின்னக் கண்ணிகள் இரண்டு மூன்றாகக் கோத்த சங்கிலி என்று நினைத்துக்கொள்ளலாம். சூடான அமிலம் சங்கிலியை வெட்டுகிறது. அறுந்த கண்ணி சிவப்பாகத் தெரிகிறது. தமிழில் இதற்கு வேதியியல் பெயர் தேட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நாக்கு தொட்டதுமே சொல்லிவிடும் பெயர் ஒன்று நம்மிடம் இருக்கிறது: துவர்ப்பு. எச்சிலில் வழவழப்பு தரும் புரதங்களை இந்தச் சங்கிலிகள் பிடித்துக் கட்டிவிடுவதால்தான் வாய் வறண்டு இழுக்கிறது. வாழைப்பூவைக் கடித்தாலும், திராட்சைக் கொட்டையை மென்றாலும், மல்லாட்டைத் தோலை நாக்கில் வைத்தாலும் இழுப்பது ஒன்றே. ஆறு சுவையில் ஒன்றாக அதைத் தனியே பிரித்துப் பேர் வைத்த சமையல் நம்முடையது.

முதலில் அதைச் சாப்பிட்ட மனிதர் யார் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். பேராசிரியர் தயோவின் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தாராம். கால் வீங்கி நடக்க முடியாமல் இருந்தவருக்கு ஆய்வுக்கூடத்தில் எடுத்த பொடியைக் கொடுக்க, இரண்டே நாளில் வீக்கம் வடிந்ததாம். இந்த மாத்திரை விற்பவர்கள் இன்றுவரை விடாமல் சொல்லும் கதை அது. நடந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பிள்ளைத்தாய்ச்சிக்குக் காலில் நீர் ஏறுவதும் தானாக வடிவதும் எந்தப் பாட்டிக்கும் தெரிந்ததுதான். ஒரு பெண்ணின் கால் வடிந்ததை வைத்து மருந்து பலித்தது என்று சொல்ல முடியாது. இந்த மாத்திரையின் வாழ்நாள் நெடுக இதே பிசகு அதைத் தொடர்ந்து வந்திருக்கிறது என்பதால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

1950-இல் ரெசிவிட் என்ற பெயரில் பிரான்சில் மருந்து வந்தது. மூலப்பொருள் மல்லாட்டைத் தோல். ரத்தக் குழாயை உறுதிப்படுத்துவது அதன் வேலை. வயது திரும்பும், புற்றுநோய் அண்டாது என்றெல்லாம் அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்தது மரப்பட்டை. 1535-36 குளிர்காலத்தில், இன்றைய கனடாவின் கியூபெக் பக்கம், ஜாக் கார்த்தியே என்ற பிரெஞ்சு மாலுமியின் கப்பல்கள் பனியில் உறைந்து நின்றன. 110 பேரில் 25 பேர் ஸ்கர்வி நோயில் செத்தார்கள். ஈறு அழுகி, தோலுக்கடியில் ரத்தம் கசிந்து சாகும் நோய் அது. அந்த மண்ணின் பூர்வகுடிகள் ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் காய்ச்சிக் கொடுத்த பிறகு மற்றவர்கள் எழுந்தார்கள். மாஸ்கெலியே கியூபெக் போயிருந்தபோது இந்தப் பயணக் குறிப்பைப் படித்தார். இலையில் வைட்டமின் சி இருந்திருக்கும்; பட்டையில் நம் துவர்ப்பு இருந்திருக்குமோ என்று அவருக்குப் பட்டது. ஊர் திரும்பினால் போர்தோவுக்குத் தெற்கே லாந்த் சமவெளி முழுக்க ஊசியிலை மரக் காடு. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் 1857-இல் சட்டம் போட்டு விரிவாக்கிய காடு அது. மரம் அறுக்கும் பட்டறைகளில் பட்டை மலையாகக் குவிந்து கிடந்தது. 1950களில் அதிலிருந்து எடுத்தார். இருந்தது.

மூன்றாவதாகத்தான் திராட்சை வருகிறது. ஒயின் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையில் தோலும் காம்பும் கொட்டையும் கிடக்கும். கொட்டைதான் துவர்ப்பின் கிடங்கு. 1970-இல் திராட்சை விதையிலிருந்து எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். போர்தோவில் அந்தச் சக்கைக்குப் பஞ்சம் ஏது! மல்லாட்டைத் தோல் கப்பல் வழியே வர வேண்டும். திராட்சைக் கொட்டை கொல்லையிலேயே கிடக்கிறது. மல்லாட்டை போய்த் திராட்சை வந்ததற்குப் பெரிய காரணம் இந்தக் கைக்கெட்டும் தூரம்தான். மருந்து வீரியத்தால் திராட்சை ஜெயித்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரான்சில் எண்டோதெலோன் என்ற பெயரில் அந்தத் திராட்சை விதை மருந்து பல வருஷம் விற்றது. கால் கனப்பதற்கும் நரம்பு சுருட்டலுக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இவ்வகை மருந்துகளின் பலன் போதாது என்று முடிவு செய்து, 2008 முதல் பிரெஞ்சு அரசுக் காப்பீடு அவற்றுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. பிறந்த வீட்டிலேயே இந்த முடிவு. இதை எந்த டப்பாவிலும் அச்சடிக்கவில்லை.

கால் வீக்கத்துக்கான மருந்து எப்படிச் சகல ரோக நிவாரணி ஆனது? அதற்கு ஆன்டி ஆக்சிடென்ட் என்ற சொல்லின் பயணத்தைப் பார்க்க வேண்டும். 1956-இல் டென்ஹம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, மூச்சுவிடும் உயிருக்குள் உருவாகும் ஃப்ரீ ரேடிக்கல் எனும் நிலையற்ற துகள்கள் திசுக்களை அரிப்பதால்தான் முதுமை வருகிறது என்று ஒரு கருத்தை வைத்தார். இரும்பு துருப்பிடிப்பதுபோல என்று பாடப் புத்தகங்கள் உவமை சொல்லின. துருவைத் தடுக்கும் பொருள் ஆன்டி ஆக்சிடென்ட். துவர்ப்புச் சங்கிலிகள் சோதனைக் குழாயில் இந்தத் துகள்களை நன்றாகவே அடக்கின. மாஸ்கெலியே அதற்கும் அமெரிக்கக் காப்புரிமை கேட்டார். 1987-இல் கிடைத்தது. அதுவரை மருந்தாக இருந்ததற்கு அன்று புது வேஷம் கட்டப்பட்டது.

1991 நவம்பர் 17-ஆம் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சியில், கொழுப்பு நிறைய சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பது ஏன் என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. சிவப்பு ஒயின் காரணமாக இருக்கலாம் என்றது. அடுத்த வருஷமே ஒயினில் ரெஸ்வெரட்ரால் என்ற பொருள் இருப்பதை ஆய்வாளர்கள் எழுதினார்கள். 1994-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. நோயைக் குணமாக்கும் என்று எழுதாத வரை, பலன் உண்டென்று முன்கூட்டி நிரூபிக்காமலே சத்து மாத்திரைகளை விற்கலாம் என்றானது. பெரியம்மா டப்பாவின் உண்மையான பிரசவ அறை அந்தச் சட்டம்தான் என்பேன்.

ரெஸ்வெரட்ராலின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. ஒரு மருந்து நிறுவனம் அதை நம்பிய கம்பெனி ஒன்றை 2008-இல் 72 கோடி டாலருக்கு வாங்கி, 2013-இல் மூடியது. 2012-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகம் தன் ஆய்வாளர் ஒருவர் ரெஸ்வெரட்ரால் ஆய்வுகளில் 145 இடங்களில் தரவைத் திரித்ததாக விசாரித்து அறிவித்தது. 2014-இல் இத்தாலியின் கியாந்தி பகுதியில் 65 வயது தாண்டிய 783 பேரை ஒன்பது வருஷம் தொடர்ந்து பார்த்ததன் முடிவு வந்தது. உணவு வழியாக ரெஸ்வெரட்ரால் அதிகம் சேர்ந்தவர்கள் கூடுதலாக வாழவும் இல்லை, இதய நோய் குறைவாகப் பெறவும் இல்லை. இந்த ரெஸ்வெரட்ராலும் மல்லாட்டையில் உண்டு என்பதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

நம் பக்கத்திலும் வேலை நடந்திருக்கிறது. 2001-இல் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் திராட்சை விதைச் சாற்றின் ஆன்டி ஆக்சிடென்ட் திறனை அளந்து வெளியிட்டார்கள். 2005-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் சி. பன்னீர்செல்வமும் அவருடைய ஆய்வு மாணவர்களும் கிழ எலிகளுக்குத் திராட்சை விதைச் சாற்றை 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் மூளையில் கொழுப்பு கெட்டுப்போவது குறைந்தது; வயதோடு தளர்ந்திருந்த தற்காப்பு நொதிகள் மீண்டன. நேர்மையான, கவனமான வேலை. ஆனால் எலிக்குக் கொடுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம். எலிக்கும் மனிதனுக்கும் உடல் வேகத்தில் உள்ள வித்தியாசத்தைக் கழித்தாலும், 60 கிலோ எடையுள்ள ஆளுக்குத் தினம் ஒரு கிராம் பக்கம் வரும். பெரியம்மா டப்பாவில் ஒரு மாத்திரைக்கு 100 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. எலிக் கூண்டில் நடந்ததைக் காட்டி இந்த மாத்திரையை விற்பது அந்த ஆய்வாளர்களுக்கும் நியாயமில்லை.

மனிதர்களிடம் என்ன தெரிந்தது? ரத்த அழுத்தம் பற்றித்தான் ஓரளவு தெளிவு இருக்கிறது. 2011-இல் ஒன்பது சோதனைகளை, மொத்தம் 390 பேரை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மேல் அழுத்தம் சராசரியாக 1.54 அலகு இறங்கியது. கொழுப்பில் மாற்றமில்லை. 2016-இல் 16 சோதனைகளை, 810 பேரை, சேர்த்தபோது 6 அலகு இறங்கியது. சின்னச் சின்னச் சோதனைகள், ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஒரே ஒரு சாதாரணப் பிரஷர் மாத்திரை சராசரியாக 9 அலகு இறக்கும். அது பக்கவாதத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருஷம் பார்த்த சாட்சி இருக்கிறது. திராட்சை விதை ஒரு பக்கவாதத்தையோ மாரடைப்பையோ தடுத்ததாகப் பெரிய சோதனை எதுவும் காட்டியதில்லை. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது: பிரஷருக்கு இந்த மாத்திரையை நம்பி மருந்தை விடுவது உயிரோடு விளையாடுவது.

உடம்புக்குள் ஃப்ரீ ரேடிக்கலைத் துடைத்தெறியும் என்ற விளம்பரத்துக்கும் அடித்தளம் மெலிது. விழுங்கிய துவர்ப்புச் சங்கிலியில் மிகச் சிறிய துண்டுகளே ரத்தத்தில் ஏறுகின்றன. அதுவும் மிக மிகக் குறைந்த அளவில். நீளமானவை பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களால் சிதைகின்றன. பலன் ஏதாவது இருந்தால் வேறு வழியாக இருக்க வேண்டும், துரு துடைக்கும் வழியாக இருக்காது என்பதே இன்றைய எண்ணம். சோதனைக் குழாயில் எந்த உணவுக்கு எவ்வளவு ஆன்டி ஆக்சிடென்ட் மதிப்பெண் என்று அமெரிக்க வேளாண்துறை ஒரு பட்டியல் வைத்திருந்தது. வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், அந்த எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பில்லை என்று 2012-இல் தானே எடுத்துவிட்டது.

ஆன்டி ஆக்சிடென்ட் என்றால் தீங்கு செய்யாது என்று நினைப்பது இன்னொரு ஆபத்து. 1994-இல் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. கேரட்டில் இருக்கும்போது சத்து. அதையே பிரித்து மாத்திரையாக்கிப் புகைபிடிப்பவருக்குக் கொடுத்தபோது கேடு. திராட்சை விதைக்கு அப்படி ஒரு கெட்ட பெயர் இல்லை. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. துவர்ப்பு எச்சில் புரதத்தை மட்டும் பிடிப்பதில்லை, சோற்றிலும் கீரையிலும் வரும் இரும்புச் சத்தையும் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை என்று ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சாப்பாட்டோடு இந்த மாத்திரையை விழுங்கச் சொல்பவர்களுக்கு அந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

கொட்டைப்பாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் துவர்ப்பும் இதே குடும்பத்துச் சங்கிலிதான். சோதனைக் குழாயில் அதுவும் ஆன்டி ஆக்சிடென்ட்தான். சுண்ணாம்போடு சேர்த்து மெல்லும்போது அந்தக் காரத்தில் அது தலைகீழாக மாறி, வாய்க்குள் ஃப்ரீ ரேடிக்கல்களை உற்பத்தி செய்கிறது. பாக்கு புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து மலைவாழ் மக்கள் பொறுக்கிக்கொண்டுவரும் கடுக்காய் வேறு வகைத் துவர்ப்பு. அது தோல் பதனிடுவதற்கும் போகிறது, மருந்துக்கும் போகிறது. பொருளின் பேரை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. எந்த அளவில், எதோடு சேர்த்து, யார் உடம்பில் என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் பெரியம்மாவிடம் இப்படியே சொல்லவில்லை. மல்லாட்டைத் தோல், போர்தோ, கால் வீங்கிய அந்த அம்மாள் கதை, பாக்கு, இவற்றை மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டே முறத்தில் இருந்ததை மறுபடி தேய்க்கப் போனவர் கையை நிறுத்தினார். ஒரு மல்லாட்டையைத் தோலோடு வாயில் போட்டு மென்றார்.

"ஆமா, துவக்குது" என்றார். "அப்ப இதத் தேய்க்காமயே தின்னலாமா?"

தின்னலாம். பூஞ்சை பிடித்ததும் சுருங்கிக் கறுத்ததும் மட்டும் வேண்டாம். அவற்றில் அஃப்ளாடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். திராட்சை எங்கள் பக்கத்து வயல்களில் நான் பார்த்ததில்லை. வேலியில் படரும் பிரண்டைதான் திராட்சைக் குடும்பத்தில் எங்களுக்கு வாய்த்த உறவு. சந்தைக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பன்னீர் திராட்சை வருகிறது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. கொட்டையுள்ள பழம். விலை மலிந்த நாளில் வாங்கி, கொட்டையை மென்று சாப்பிட்டால் அந்த டப்பாவில் உள்ளதைத்தான் சாப்பிடுகிறீர்கள். அதனால் பிரஷர் இறங்கும் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல பழம், அதற்காகச் சாப்பிடலாம்.

டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி பொடி எழுத்தில் ஒரு வரி: மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல. ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் பெரியம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இத மொதல்லயே தமிழ்ல போட்டிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன்டா" என்றார்.

மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். மேல் அழுத்தம் 178 இருந்தது. டாக்டர் அம்மா சத்தம் போடவில்லை. பழைய மாத்திரையையே மறுபடி எழுதிக் கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது. அதில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன, காசில்லாமல்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மாவோ அப்பாவோ இப்படி ஒரு டப்பாவைப் பக்கத்தில் வைத்திருக்கலாம். அதைத் தூக்கி எறியச் சொல்லி அவர்களோடு சண்டை போடாதீர்கள். பழைய பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார்களா என்று மட்டும் இன்றைக்கே கேளுங்கள். நிறுத்தியிருந்தால், நாளைக் காலையில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.